பாரதி பாடல்களின் ஒலிப் பாத்தியதை

கிராமபோன் தட்டுகள் நிறைந்த தகரப் பெட்டியொன்றைத் தம் பாட்டனாரின் உடைமையாகப் பெற்ற நண்பர் ஒருவர், அவற்றுள் பாரதியார் பாடல்கள் அடங்கிய தட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றி, எவரும் விலையின்றிக் கேட்கவும் எடுத்தாளவும் தக்கவாறு இணையத்தின் பொதுக் களஞ்சியங்களில் சேர்த்துவிட வேண்டும் என்னும் நன்னோக்கத்தோடு சென்ற ஆண்டு என்னிடம் யோசனை கேட்டார். சற்றுப் பொறுக்கலாம் என்றேன். அதற்கு அவர் எழுதிய நீண்ட மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணம். இதே பொருளை எங்கள் ஊர் இலக்கிய வட்டத்தில் எனக்கு முன் எடுத்துப் பேசியவரும் அவரே ஆதலின், அவருடைய கொள்கையை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

அவர் கொள்கை இது. பாரதி பாடல்களை ஒலிவடிவாக்கும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை 1949இல் சென்னை அரசுக்கு விலையின்றி அளித்தார். அரசு அதைப் பொதுமக்களுக்கு ஆக்கியது. ஆகவே பாரதி பாடலின் ஒலி எதுவாயினும், யார் பாடியதாயினும், எந்தத் தட்டில் இருந்ததாயினும், அது பொதுச்சொத்து. இந்த நியாயத்தின் ஒவ்வொரு படியும் உண்மைபோலத் தோன்றுவதும், முதல் மூன்று படிகளும் பெரும்பாலும் உண்மையாகவே இருப்பதும்தான் இதன் கவர்ச்சி. பிழை நான்காம் படியில் இருக்கிறது. ‘ஒலி’ என்ற ஒரே சொல் முதற்படியில் ஒரு பொருளும் நான்காம் படியில் வேறொரு பொருளும் தந்து நிற்பதை நண்பர் கவனிக்கவில்லை என்பது என் துணிபு.

வரலாற்றின் பொது வரம்பு அறிஞர் அறிந்ததே, ஆ. இரா. வேங்கடாசலபதி இதற்கென ஒரு நூலே எழுதியிருக்கிறார். எனவே என் வாதத்துக்கு வேண்டிய அளவே இங்கே நினைவூட்டுகிறேன். 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தபின் அவருடைய நூல்களின் உரிமை அவர் மனைவி செல்லம்மாளிடமிருந்து, கவிஞரின் தம்பி விசுவநாத ஐயரும் பிறரும் கூடி நடத்திய பாரதி பிரசுராலயத்தை அடைந்து, முடிவில் விசுவநாத ஐயரிடமே நின்றது. அச்சுரிமை அவ்வாறு குடும்பத்தோடு நிற்க, இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்குமான உரிமை மட்டும் 1934இல் தனியே பிரிந்து, ஜேசிங்லால் மேத்தா என்னும் வணிகருக்கு ஐந்நூறு ரூபாய்க்கும் குறைந்த கிரயத்துக்குப் போயிற்று. 1946இல் அதுவே பத்தாயிரத்தை ஒட்டிய விலைக்கு மெய்யப்பரிடம் வந்தது. 1947இல் வெளியான மெய்யப்பரின் ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் நாடெங்கும் பரவின. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ‘தூண்டிற் புழுவினைப்போல்’ என்ற கண்ணன் பாட்டைச் சேர்த்ததும், மெய்யப்பர் வழக்குத் தொடுத்ததும், எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் பாரதி விடுதலைக்காக இயக்கம் நடத்தியதும், 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் சட்டசபையில் அறிவித்ததும் பலமுறை சொல்லப்பட்டவை. விசுவநாத ஐயருக்குப் பதினையாயிரம் ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு ஐயாயிரமும் கிடைத்தன. மெய்யப்பர் ஒன்றும் பெறவில்லை.

இனி, 1934இல் பிரிந்து சென்றது என்ன? அக்காலத்தில் இந்நாட்டை ஆண்டது 1911ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பதிப்புரிமைச் சட்டமே. 1914ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் சில மாறுதல்களோடு அதைத் தன் அனுபந்தமாக ஏற்றுக்கொண்டது. அதன் முதற்பிரிவு, ஒரு நூலின் ஆசிரியருக்குரிய உரிமைகளை எண்ணிக்கொண்டு வரும்போது, அந்நூலை இயந்திரத்தால் ஒலிக்கச் செய்யத்தக்க தட்டையோ, துளையிட்ட சுருளையோ, திரைப்படச் சுருளையோ, வேறு கருவியையோ ‘செய்யும்’ உரிமையையும் சேர்த்து எண்ணுகிறது. இது கவிஞனுடைய பாத்தியதை. அவன் சொல்லிலிருந்து கிளைப்பது. ஐந்தாம் பிரிவு உரிமையை முழுமையாகவோ பகுதியாகவோ மாற்றிக்கொடுக்கலாம் என்கிறது. அந்த வழியாகத்தான் இப்பகுதி மட்டும் மேத்தாவிடம் போயிற்று. ஆனால் அதே சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு முற்றிலும் வேறொன்றைச் சொல்கிறது. செய்துமுடித்த தட்டுக்குத் தனியே ஒரு பதிப்புரிமை உண்டு. மூல அச்சு உருவான நாளிலிருந்து ஐம்பது ஆண்டு அது நிற்கும். அவ்வச்சின் சொந்தக்காரரே அதற்கு ‘ஆசிரியர்’ ஆவார். நிலத்தில் கிணறு தோண்டும் உரிமை ஒன்று. தோண்டிய கிணற்றின் நீர் மற்றொன்று. முதலாவதை ஊருக்குத் தானமாகக் கொடுத்தவர், தம் கிணற்றையும் கொடுத்துவிட்டார் என்று நாம் கொள்வதில்லை.

இதைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடவேண்டியதில்லை. நண்பரின் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். நாயும் ஊதுகுழலும் உள்ள கிராமபோன் கம்பெனித் தட்டு. நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாடலின் முதலடியும் பாரதியாரின் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. பாடியவர் பெயர் இருந்த இடம் ஊசிக் கீறலில் அழிந்துபோயிருக்கிறது. ஆண்டு எங்கும் இல்லை. அக்காலத் தட்டுகளில் ஆண்டு போடும் வழக்கம் இல்லை. ஆனால் அவ்வட்டக் காகிதத்தின் விளிம்பைச் சுற்றி, எறும்பு வரிசைபோல மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வாசகம் ஓடுகிறது. கேட்பவர் எவரும் படித்திராத அந்த வாசகத்தை ஒரு சாசனத்தைப் படிப்பதுபோலத் தட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தட்டைச் செய்தவருடைய உரிமைகளும், தட்டில் பதிந்த ஆக்கத்தின் சொந்தக்காரருடைய உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை; அனுமதியின்றி இத்தட்டைப் பொதுவிடத்தில் ஒலிக்கச் செய்தலும், வானொலியில் ஒலிபரப்புதலும், பிரதி செய்தலும் விலக்கப்பட்டவை. இதுவே அதன் கருத்து. இதில் இரண்டு சொந்தக்காரர் இருப்பதைக் கவனிக்க வேண்டும். செய்தவர் ஒருவர், ஆக்கத்துக்கு உரியவர் மற்றொருவர். இருவரையும் ‘உம்’ இட்டுப் பிணைக்கிறதே அன்றி ஒருவராக்கவில்லை. பாரதியின் சொல்லுக்குரியவராக இன்று நாம் அனைவரும் ஆகியிருக்கலாம். தட்டைச் செய்தவர் நாம் அல்லர்.

விளிம்பு வாசகத்துக்கு ஒரு பிறப்பு வரலாறும் உண்டு. பிரிஸ்டல் நகரத்தில் கார்வர்டைன் என்பாரின் சிற்றுண்டிச் சாலையில், வந்தவர் கேட்டு மகிழ ஓர் இசைத்தட்டை ஓட்டினார்கள். கிராமபோன் கம்பெனி வழக்குத் தொடுத்தது. தட்டில் இருந்தது ஓபேர் என்ற பிரெஞ்சு இசையாசிரியரின் ஆக்கம். அவர் இறந்தது 1871இல். ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டு என்ற கணக்கின்படி, வழக்கு நடக்கையில் அவ்விசை எல்லார்க்கும் பொதுவாகிவிட்டது. இருந்தும், தட்டுக்குரிய தனியுரிமையில் பொதுவிடத்தில் ஒலிக்கச் செய்யும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு 1934ஆம் ஆண்டின் சட்ட அறிக்கையில் வெளியாயிற்று. மேத்தா பாரதியின் ஒலியுரிமையை வாங்கியதும் அதே 1934. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல எனக்குச் சான்றில்லை. தட்டின் உரிமைக்குத் திடீரென ஒரு விலைமதிப்பு வந்த காலம் அது என்பதற்குமேல் நான் சொல்லமாட்டேன். ஆனால் நண்பரின் கேள்விக்கு இவ்வழக்கைவிட நேரான விடை இல்லை. இசை பொதுவானாலும் தட்டு பொதுவாகாது என்பதைத் தமிழ்நாட்டில் எவரும் கேட்பதற்கு முன்பே ஒரு காப்பிக்கடை வழக்கு முடிவு செய்துவிட்டது.

நண்பர் இதற்கும் ஒரு விடை வைத்திருந்தார். மற்றத் தட்டுகள் எப்படியாயினும், மெய்யப்பர் தம்மிடமிருந்த சகல பாத்தியதையையும் அல்லவா கொடுத்தார்? அப்படியானால் ‘நாம் இருவர்’ ஒலிகளும் அதில் அடங்கியிருக்க வேண்டுமே? இது கூர்மையான கேள்வி. இதற்குரிய நேர்ச்சான்று மெலிந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். ஆயினும் மூன்று காரணங்களால் இதை மறுக்கிறேன். முதலாவது, அரசு வேண்டியதும் இயக்கம் கேட்டதும் பிறர் பாரதியைப் பாடத் தடையிருக்கக் கூடாது என்பதே. ஏற்கெனவே பாடியதை இலவசமாக்க வேண்டும் என்று அன்று கேட்டவர் இருப்பதாக நான் காணவில்லை. இரண்டாவது, தானமாகக் கொடுக்கத்தக்கது மேத்தாவிடமிருந்து வந்த பொருளே. ‘நாம் இருவர்’ ஒலியோ மெய்யப்பர் வாங்கிய பொருளன்று, தம் படப்பிடிப்புக் கூடத்தில் தாமே உண்டாக்கிய பொருள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தல் செய்ததைக் கொடுப்பதாகாது. மூன்றாவது காரணத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். மெய்யப்பர் திரைப்படத்துக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ஓடியன் தட்டுகளை விற்றவர். பாட்டின் உரிமைக்கும் தட்டின் உரிமைக்கும் உள்ள வேற்றுமையைக் கல்லாவில் உட்கார்ந்து கற்றவர். அத்தகைய ஒருவர் இரண்டையும் குழப்பிக் கொடுத்தார் என்று கொள்வது, அவருடைய வண்மையைப் பெரிதாக்கும் ஆசையில் அவருடைய அறிவைச் சிறிதாக்குவதாகும். பெருங்கொடை பெருங்கொடையே, அதன் எல்லையைச் சரியாகக் குறிப்பதால் அது குறைந்துபோகாது.

இவ்விடத்தில், இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு ஷரத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு உரிமையின் காலத்தை ஆசிரியர் ஆயுளும் அதற்குமேல் ஐம்பது ஆண்டும் என்று வரையறுத்துவிட்டு, உடனே ஒரு விலக்கையும் சேர்க்கிறது. ஆசிரியர் இறந்து இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின், வெளியான நூலொன்றை விற்பனைக்காகப் பதிப்பிப்பவர், முறைப்படி எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, விலையில் நூற்றுக்குப் பத்து வீதம் உரிமைக்காரருக்குச் செலுத்தினால், அது உரிமை மீறல் ஆகாது. சட்டம் பிறக்குமுன்பே உரிமை பெற்றிருந்த நூல்களுக்கு மட்டும் இருபத்தைந்து என்பது முப்பது. பாரதியார் மறைந்த நாள் 1921 செப்டம்பர் 11ஆ 12ஆ என்னும் பழைய விவாதம் இங்கே ஒரு நாளைத்தான் மாற்றும். எப்படிப் பார்த்தாலும் 1946 செப்டம்பர் நடுவுக்குள், 1911க்குப் பின் வெளியான அவருடைய நூல்களுக்கு இவ்வாயில் திறந்துவிட்டது. 1908இன் ‘ஸ்வதேச கீதங்கள்’ 1951வரை காத்திருக்க வேண்டும். 1917இல் வெளியான ‘கண்ணன் பாட்டு’ காத்திருக்க வேண்டியதில்லை. ‘பில்ஹணன்’ வழக்குக்குக் காரணமான பாடல் இந்தக் கண்ணன் பாட்டில்தான் இருக்கிறது!

இதன் பொருள் என்ன? 1948இல் அச்சுலகில் பாரதியின் மீதிருந்த தனியாட்சி, எவரும் உணராவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் பாதி தளர்ந்திருந்தது. அவ்வழியைப் பயன்படுத்திய பதிப்பாளர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் வழி இருந்தது. ஒலிக்கு அவ்வழி செல்லுமா? செல்லாது என்றே கருதுகிறேன். தட்டுகளுக்கென்று பத்தொன்பதாம் பிரிவு தனி ஏற்பாடு செய்கிறது: இசையாக்கத்தின் சொந்தக்காரர் ஒருமுறை தட்டுச் செய்ய இசைந்துவிட்டால், பிறரும் குறித்த வீதம் கட்டணம் செலுத்தித் தட்டுச் செய்யலாம். ஒலிக்குத் தனி விலக்கு வகுத்த சட்டம், மூன்றாம் பிரிவின் விலக்கை அச்சுக்கென்றே வைத்தது என்பதுதான் பொருத்தமான பொருள்கோள். திரைப்படத்துக்கோ இரண்டு வாயிலும் இல்லை. ஆகவே 1948இல் முழு வலிமையோடு மீந்திருந்த ஒரே பூட்டு திரையொலிப் பூட்டு. பாரதி விடுதலைப் போராட்டம் அச்சில் மூளாமல் திரையில் மூண்டதற்கு மெய்யப்பரின் குணத்தையோ டி. கே. எஸ். சகோதரருள் ஒருவரான டி. கே. சண்முகத்தின் துணிவையோ மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. சட்டத்தின் அமைப்பே போராட்டத்தை அந்த முனைக்குத் தள்ளியது. இது ஊகம்தான். ஆயினும் தேதிகள் இதற்கு எதிராக இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தட்டுக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து ஐம்பது ஆண்டு என்றாயிற்று. தாகூர் மறைந்து ஐம்பது ஆண்டு 1991இல் முடியவிருந்ததையொட்டி அது அறுபதாக நீட்டப்பட்டபோது, 1992ஆம் ஆண்டின் அத்திருத்தம் நூல்களோடு ஒலிப்பதிவுகளுக்கும் பத்தாண்டு கூட்டியது. இக்கணக்கின்படி ‘நாம் இருவர்’ ஒலிப்பதிவுகள் 2007 முடிவோடு இந்தியாவில் பொதுவாயின. 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ ஒலிப்பதிவுகள் 2021 முடிவோடு. அப்படியானால் நண்பர் சொன்ன முடிபே இவ்விரு படங்களைப் பொறுத்தவரை சரியாகிவிடுகிறதே என்று கேட்கலாம். ஆம்; முடிபு சரி, காரணம் தவறு. காரணம் தவறாயின் அடுத்த தட்டில் முடிபும் தவறும். 2000ஆம் ஆண்டில் வந்த ‘பாரதி’ படத்தின் பாடல்களை நாட்டுடைமை என்று சொல்லி ஒருவர் களஞ்சியத்தில் சேர்த்தால், கவிஞரின் சொல்லுக்காக அல்ல, 2060வரை நிற்கும் ஒலிப்பதிவின் உரிமைக்காக அவர் பதில் சொல்ல நேரும்.

சொல்லுக்கும் தட்டுக்கும் நடுவே மெட்டு என்ற மூன்றாம் பொருள் இருப்பதையும் நண்பர் கணக்கில் எடுக்கவில்லை. ‘கப்பலோட்டிய தமிழன்’ இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் 1963இல் மறைந்தார். ஆயுளோடு அறுபது என்ற வீதத்தில் அவர் மெட்டுகள் 2023 முடிவில் பொதுவாயின. ‘நாம் இருவர்’ இசையமைப்பாளராகப் பெயர் பெற்ற ஆர். சுதர்சனமோ 1991வரை வாழ்ந்தவர். அவர் மெட்டுகளின் காலம் 2051வரை ஓடுகிறது. சொல் பொது, தட்டு பொது, நடுவிலுள்ள மெட்டு மட்டும் தனியார் உடைமை என்னும் விசித்திர நிலை. இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு: 1957ஆம் ஆண்டுச் சட்டம் இசையாக்கம் என்பதை எழுத்திலோ குறியீட்டிலோ வடித்ததாகவே வரையறுத்தது, 1977இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், உள்ளம் உருக்கும் குரலுக்கும் இனிமைக்கும் இச்சட்டத்தில் இடமில்லை, தாளில் எழுதிய ஸ்வரத்துக்கே இடமுண்டு என்ற பொருளில் வருந்தி எழுதினார், 1994ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த நிபந்தனையை நீக்கியது. ஸ்வரப்படுத்தாமல் ஆர்மோனியத்தின்முன் பிறந்த 1947ஆம் ஆண்டு மெட்டுக்கு உரிமையே இல்லை என்று இதனால் சிலர் முடிவு கட்டலாம். நான் உடன்படேன். அம்மெட்டு பிறந்தபோது ஆண்டது 1911ஆம் ஆண்டுச் சட்டம். அதில் இசையாக்கத்துக்கு அத்தகைய வரையறை கிடையாது. பழைய சட்டத்தில் பிறந்த உரிமையைப் புதிய சட்டம் காத்துக்கொடுத்ததேயன்றி அழிக்கவில்லை. இவ்வாதம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது வேறு விஷயம். இலவசமாகக் கொடுக்க முன்வருபவர் சந்தேகத்தின் பலனைத் தமக்கு எடுத்துக்கொள்ளாமல் இசையமைத்தவருக்கு விட்டுவிடுவதே முறை.

பாடியவருக்கு 1994வரை நம் சட்டத்தில் எவ்வித உரிமையும் இல்லை என்பதை இங்கே துக்கத்தோடு குறிக்க வேண்டியிருக்கிறது. அத்திருத்தம் இருபத்தைந்து ஆண்டு கொடுத்தது. 1999இல் அது ஐம்பதாயிற்று. சுதந்திரத்துக்கு முன்பே பாரதியைத் தமிழர் செவியில் நிறைத்த பட்டம்மாளுக்கு, அத்தட்டுகளில் தம் குரலுக்கென்று சட்டம் தந்தது ஒன்றுமில்லை.

இந்தியக் கணக்கு இவ்வளவில் தீர்ந்தாலும் களஞ்சியங்கள் இந்தியாவில் இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ், விக்கிமீடியா காமன்ஸ் ஆகிய பெருங்களஞ்சியங்கள் அமெரிக்க மண்ணில் அமைந்தவை; காமன்ஸ், பிறந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் ஒருசேரப் பொதுவாக இருப்பதையே ஏற்கும். அமெரிக்கா 2018இல் இயற்றிய சட்டம், 1923க்கு முந்திய ஒலிப்பதிவுகளை 2022 ஜனவரி 1ஆம் தேதி பொதுவாக்கி, பின்வந்தவற்றைப் படிப்படியாக விடுவிக்கிறது. 1947ஆம் ஆண்டு இந்தியத் தட்டு அங்கே எப்போது விடுதலை பெறும் என்பதில் இருவகைக் கணக்கு உண்டு. 1996 ஜனவரி 1ஆம் தேதி தாய்நாட்டில் உயிரோடிருந்த வெளிநாட்டு உரிமைகளை அமெரிக்கா மீட்டுக்கொடுத்த விதிப்படி பார்த்தால் தொண்ணூற்றைந்து ஆண்டு, அதாவது 2042 முடிவு. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் வீதப்படி பார்த்தால் நூற்றுப்பத்து ஆண்டு, 2057 முடிவு. இரண்டில் எது பொருந்தும் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். காரைக்குடி வீட்டுத் திண்ணையில் எவர் அனுமதியுமின்றி ஒலிக்கத்தக்க தட்டு, கலிபோர்னியாவிலுள்ள கணினியில் இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது இரண்டு கணக்குக்கும் பொது.

அப்படியானால் நண்பரின் நன்னோக்கம் வீண்தானா? இல்லவே இல்லை. 1949ஆம் ஆண்டின் கொடை எதைத் தந்ததோ அதைப் பயன்படுத்த வேண்டும். அது தந்தது பழைய குரல்களை அன்று. புதிதாய்க் குரல் கொடுக்கும் சுதந்திரத்தை. பாரதியின் சொல்லை நாமே படித்தோ பாடியோ பதிவு செய்தால் அங்கே தடை செய்ய யாரும் இல்லை. மூலத்தைத் தேர்ந்துகொள்வதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: கவிஞரின் சொல் பொதுவே ஆயினும், பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, குறிப்பு, விளக்கம் ஆகியவை அவரவர் உழைப்பு, அவற்றை ஒலிப்பதிவில் சேர்த்துப் படித்தல் ஆகாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களைச் சிசி ஜீரோ என்னும் முழு விடுப்பின்கீழ் வெளியிட்டதும், அவை தமிழ் விக்கிமூலத்தில் ஏறியிருப்பதும் இவ்வகையில் பேருதவி. பாடுவோர்க்கு நான் சொல்வது, திரைமெட்டை விட்டுவிடுங்கள் என்பதே. பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் தாமே குறித்திருக்கிறார், சிலவற்றுக்கு ஸ்வரமும் தந்திருக்கிறார். அவருடைய குரல் எந்தத் தட்டிலும் பதியவில்லை. அக்குறிப்புகளே அவருடைய குரலுக்கு மிக அருகில் நாம் செல்லத்தக்க இடம்.

பதிவு செய்தபின் இன்னொன்று மறக்கக் கூடாது. புதிய ஒலிப்பதிவுக்கும் புதிய உரிமை பிறந்துவிடுகிறது. சொல் பொதுவானதால் பதிவும் தானே பொதுவாகிவிடாது. படித்தவர் ஒருவர், பதிவுக்குப் பொறுப்பேற்றவர் மற்றொருவர் என்றால் இருவரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்ததை எழுத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். நம் சட்டத்தின் இருபத்தொன்றாம் பிரிவு, ஆசிரியர் தம் உரிமையைத் துறக்க இடம் தருகிறது; பதிவாளருக்கு அறிவிப்பது ஒரு வழி, பொது அறிவிப்புச் செய்வது 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டிய மற்றொரு வழி. 2005இல் ஹியூ மெக்கைர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் நூலொலித் திட்டத்தில், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் படிப்பவரே தம் வாயால் இது பொதுவுடைமை என்று சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது; பிற்காலத்தில் கோப்பிலிருந்து உரிமைக் குறிப்பு உதிர்ந்துபோனாலும் குரலிலிருந்து அது உதிராது. நாமும் இதைக் கைக்கொள்ளலாம். முதற்பதிவைச் சுருக்காத வேவ் அல்லது இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் வைத்துக்கொள்வது நலம், எம்.பி.3 வடிவைக் காமன்ஸ் ஏற்கத் தொடங்கியது அதன் காப்புரிமங்கள் முடிந்த 2017ஆம் ஆண்டையொட்டித்தான் என்பது, ஒலி அடைக்கும் பெட்டிக்கும் ஒரு பாத்தியதை இருந்தது என்பதை நினைவூட்டும்.

நண்பர் என் வாதத்தை முழுதும் ஏற்றார் என்று சொல்லமுடியாது. ஆயினும் கண்ணன் பாட்டைத் தம் குரலில் படித்துப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார். ஆண்டும் பெயரும் விடுப்பும் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் தொடங்குகிறார். அந்தத் தட்டு மட்டும் இன்னும் தன் காகித உறையிலேயே இருக்கிறது. விளிம்பு வாசகம் ஒலிபரப்பையும் பொதுவிட ஒலிப்பையும் விலக்குவதால் அது பிரிஸ்டல் தீர்ப்புக்குப் பின்னது என்று கொள்ளலாம். அரக்குத் தட்டுகள் நம் நாட்டில் 1960களின் இறுதிவரை வந்ததால் அதற்கு முன்னது என்றும் கொள்ளலாம். இடையிலுள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெளியில் அதன் ஆண்டு எது என்பதை, லேபிலில் அச்சிட்ட பட்டியல் எண்ணையும் தட்டின் உடலிலேயே பொறித்த அச்சு எண்ணையும் கம்பெனியின் பழைய விற்பனைப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் அறியமுடியும். அத்தகைய பட்டியல்களைத் தமிழ்நாட்டு இசைத்தட்டுக் கடைக்காரர்கள் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் வாங்கி வைத்திருந்தார்கள். அக்குடும்பங்களில் எவரிடமேனும் அவை பரணில் இருக்குமாயின், பழைய காகிதக்காரரிடம் போடாமல், அருகிலுள்ள நூலகம் ஒன்றுக்குக் கொடுத்துதவ வேண்டுகிறேன்.